நாலு விரல் முன்னால்

மனைவியின் அண்ணன் குழந்தைவேல் மச்சானைத் திருமூர்த்தி கடைசியாக உயிரோடு பார்த்தது இதே கொட்டகையில்தான். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. வடவள்ளியில் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு பழைய பனியனைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு தன் டூ சீட்டர் காரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கத் தூசி வந்து விழுந்தது, அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஆறடி மனுசன், எழுபத்தைந்து வயதிலும் கூன் விழவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தும் நின்றுகொண்டிருந்த திருமூர்த்தியின் தோளுக்கு வந்தார். "மாப்ள, ஒருக்கா உள்ள ஏறி உக்காருங்களே" என்றார். "இருக்கட்டுமுங்க மச்சான், வேட்டில கறையாயிரும்." "நாப்பது வருசமா இதே வேட்டி, இதே கறை" என்று மச்சான் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பனியனை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "உக்காந்தாத்தான் தெரியும்" என்றார். வண்டிப் பெருமை பேசுகிறார் என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அதிலிருந்து பதினெட்டாம் நாள், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த மச்சான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார் என்றும், பிறகு எழுந்திருக்கவில்லை என்றும் போன் வந்தது.

இப்போது ஐப்பசி. கொட்டகையின் தகரத்தில் இரவு பெய்த மழையின் மிச்சம் சொட்டிக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் மச்சானின் மகன் நந்தகோபால் கூப்பிட்டிருந்தான். "அப்பா சொல்லிட்டுத்தான் போனாருங்க மாமா. டூ சீட்டரக் குடுக்கறதா இருந்தா மொதல்ல மாமாவக் கேளு, அவரு வேண்டாமுன்னாத்தான் வெளியன்னு. கொச்சிக்காரரு ஒருத்தரு புடியா நிக்கறாருங்க. லாரியோடவே வாராராம்." தனக்கு எதற்கு அந்த வண்டி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். செத்தவர் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், போனில் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை, நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்லவங்க கைக்குப் போகட்டும் கண்ணு. நான் இதை வெச்சுட்டு என்ன பண்ணப்போறன் கண்ணு. இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. ஆனால் வந்ததும் சொல்ல வாய் வரவில்லை, நந்துவும் உடனே கேட்கவில்லை. "லாரி வாளையாரு தாண்டிருச்சாமா. வர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க மாமா, நீங்க வேணுமுன்னா நான் ஒரு போனப் போட்டுத் திருப்பி அனுப்பிருவன், அதொண்ணும் பெரிசில்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவர வீட்டுக்குள் போனான். ஸ்டூலைத் தேடினார். இல்லை. மச்சானோடு ஸ்டூலும் போய்விட்டதா, எங்கே போயிருக்கும், யாராவது சமையலறைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். முழங்கால் வலித்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தாழ்வான கதவைத் திறந்து, முதலில் இடுப்பை உள்ளே விட்டு, பிறகு ஒவ்வொரு காலாக இழுத்து, திருமூர்த்தி நாற்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்த வண்டியில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

முழங்கால் இடித்தது. இரண்டு முட்டியும் ஸ்டியரிங்கின் அடியில் போய் முட்டிக்கொண்டன, இடது காலை மடக்கவும் முடியவில்லை நீட்டவும் முடியவில்லை. வெள்ளைக்காரன் செய்த வண்டி, அவன் கால் என்ன அவ்வளவு குட்டையா என்று முதலில் தோன்றியது. தோல் இருக்கை குளிர்ந்து கிடந்தது, அதில் கிரீஸும் பழைய ரெக்சினும் ஈரமும் கலந்த ஒரு வாசனை. இதையா அந்த மனுசன் ஐம்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரை ஊருக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப் போன வண்டி. லேத் பட்டறை வைத்திருந்த மச்சான் அதைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துவந்து, கிடைக்காத உறுப்புகளைத் தானே கடைந்து போட்டு, பாசிப்பச்சையில் பெயின்ட் அடித்து, கூரையை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினார். இரண்டே பேர் உட்காரலாம். அப்படிப்பட்ட வண்டியைக் கொண்டுவந்து தங்கச்சி கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இதில்தான் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். இரண்டு சீட்டில் மூன்று பேர் எப்படி என்று கேட்டதற்கு, பின்னால் மடித்து வைத்த கூரைமேல் ஜமுக்காளத்தை விரித்து, இரண்டு பேரையும் அதன்மேல் ஏற்றி உட்கார வைத்தார். ஊரே பார்த்தது. சாந்தாமணியின் தலையில் வைத்த மல்லிகை காற்றில் மாப்பிள்ளை திருமூர்த்தியின் கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது, அதை விலக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விறைத்து உட்கார்ந்திருந்தார். கடைவீதி முக்கில் வண்டி நின்றுவிட்டது. மேளக்காரர்கள் நின்றார்கள். மச்சான் இறங்கி முன்னால் திறந்து பார்த்தார், மூடினார், "தள்ளுனா எடுத்துக்கும்" என்றார். தள்ள ஆள் இல்லாமலா, கூட்டமே இருந்தது. ஆனால் மச்சான் அவரைப் பார்த்துத்தான் கண்ணடித்தார். "மாப்ள, ஒரு கை குடுங்க." பட்டுவேட்டியோடு இறங்கினார். இறங்கியிருக்கக் கூடாது. இறங்காமல் இருந்திருந்தால் மாப்பிள்ளை முறுக்கைப் பார் என்றிருப்பார்கள், அதுவே மேல். இறங்கித் தோளைக் கொடுத்துத் தள்ளும்போதுதான் மச்சான் கத்தினார்: "சாந்தா, முன்னால வந்து உக்காரு. நாஞ் சொல்லறப்ப கிளச்ச விடு."

அதை எத்தனை முறை நினைத்திருப்பார். முழுக்க நினைத்ததே இல்லை, பாதியில் நிறுத்திவிடுவார். இன்றைக்கு நிறுத்த முடியவில்லை, முட்டி ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டே இருப்பதாலோ என்னவோ. கல்யாணப் பெண் கூரைமேலிருந்து முன் இருக்கைக்குக் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கினாள். மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினாள், அந்தத் தள்ளல், ஏதோ வேலைக்கு உட்காருகிறவள் தள்ளுகிற மாதிரி. வண்டி உருண்டது. மச்சான் "இப்ப" என்றார். ஒரு உதறல், ஒரு சத்தம், புகை, கையடியிலிருந்து வண்டி உருவிக்கொண்டு போனது. அது ஓரத்தில் போய் நிற்கும் என்று நினைத்தார். நிற்கவில்லை. நேராகப் போய், கோயில் வாசல்வரைக்கும் அவள் ஓட்டிக்கொண்டே போய்விட்டாள். பட்டுவேட்டியில் கரிப்புகையோடு, நடு வீதியில், தள்ளிய கை தள்ளியபடி இருக்க மாப்பிள்ளை நின்றார். ஜனம் கைதட்டியது. அவருடைய பெரியப்பா, "ஏப்பா திருமூர்த்தி, பொண்ணு கூட்டிட்டுப் போகுதா, உட்டுட்டுப் போகுதா?" என்றார். வெடிச்சிரிப்பு. அன்றைக்கு வைத்த பேர், தள்ளு மாப்பிள்ளை. பத்து வருஷம் வடவள்ளியில் டீக்கடைக்குப் போனால்கூட தள்ளு மாப்பிள்ளை வந்திருக்காப்ல என்றார்கள். கோயில் வாசலில் அவள் வண்டியில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தார். மறுநாள் மறுவிருந்தில், இலையில் கைவைத்தபடி, பொதுவாகச் சொல்வதுபோல, "இனி அந்த வண்டில ஏறாத" என்றார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சொன்ன அவருக்கே ஐந்தாறு வருஷத்தில் மறந்தும் போனது. மகள் சுகந்தி பிறந்து, வாடகை வீடு மாறி, மில்லில் டைம் ஆபீஸ் வேலை நிலைத்து, யார் வண்டி, யார் ஏறினால் என்ன. ஆனால் அவர் மட்டும் ஏறவில்லை. ஏறாமலிருப்பது பழகிவிட்டது, சிலருக்குக் கத்தரிக்காய் பழகாதது மாதிரி.

கால் மரத்தது. இருக்கையைப் பின்னால் தள்ள ஏதாவது இருக்கும் என்று குனிந்து தடவினார். அப்போதுதான் பக்கத்து இருக்கை கண்ணில் பட்டது. அது பின்னால் இருந்தது. அதன் விளிம்பும் இதன் விளிம்பும் ஒன்றாக இல்லை. கையை வைத்து அளந்தார். சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரல்வரைக்கும், நாலு விரல். ஆறடி மச்சான் இந்த இருக்கையில் எப்படி உட்கார்ந்து ஓட்டினார். முட்டி நெஞ்சுக்கு வந்துவிடாதா. நந்துவும் அப்பனைப்போல நெட்டைதான். அவன் பெண்சாதிக்கு ஓட்டத் தெரியாது. முதுகுப் பக்கம் ஏதோ உறுத்தியது, இழுத்துப் பார்த்தார், ஒரு சின்ன திண்டு. பூப்போட்ட உறை. ஓரத்தில் கையால் தைத்த தையல், இரண்டு தையல் நெருக்கமாக, ஒரு தையல் எட்டி, மறுபடி இரண்டு நெருக்கமாக. சிங்காநல்லூர் வீட்டில் எல்லாத் தலையணைக்கும் அதே தையல்தான். ஏன் இப்படித் தைக்கிறாய் என்று கேட்டதற்கு, கை அப்படித்தான் போகுதுங்க என்றாள் சாந்தாமணி. அவர் திண்டை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் வீட்டுக்குத் தைத்துக் கொடுத்திருப்பாள். தங்கச்சி அண்ணனுக்குத் தைத்துக் கொடுக்கக்கூடாதா. மச்சானுக்கு இடுப்பு வலி இருந்ததா, இருந்ததாக ஞாபகம் இல்லை. தகரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழும் என்று காத்திருந்தார்.

"மாமா, ஏறிட்டீங்களா!" நந்து இரண்டு கையிலும் டம்ளரோடு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா இருந்திருந்தா வெடி வெடிச்சிருப்பாரு." திருமூர்த்தி இறங்கப் பார்த்தார், முட்டி விடவில்லை, உட்கார்ந்தபடியே டம்ளரை வாங்கிக்கொண்டார். "இந்த சீட்டு நகராதா கண்ணு?" "நகருமுங்க. கொச்சிக்காரரும் போட்டோவப் பாத்துட்டு அதத்தான் கேட்டாரு, ஜாம் ஆயிருச்சான்னு. அப்பாதான் தொடவே உடலீங்க. அத்தை போன இந்த மூணு வருசமா வண்டிய எடுக்கவே இல்ல, வெளிய நின்னுட்டே கைய உள்ள உட்டு ஸ்டார்ட் பண்ணுவாரு, பத்து நிமிசம் ஓட உடுவாரு, நிறுத்திருவாரு. அது அத்தை உக்காந்த அளவு, அப்படியே இருக்கட்டுமுன்னு..." நந்து நிறுத்தினான். தேநீர் சூடாக இருந்தது. "உங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சனுங்க மாமா." "தெரியும், தெரியும்" என்றார் திருமூர்த்தி. பிறகு, "எந்த நாளு வருவா, வியாழக்கெழமதான?" என்றார், தெரிந்தவர் சரிபார்ப்பதுபோல. "வியாழக்கெழமதானுங்க. நான் இஸ்கூல் போற காலத்துல இருந்தே. மருதமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவாங்க, அப்பா பக்கத்துல உக்காந்துக்குவாரு. கடைசி ரெண்டு மூணு வருசம் தனியாவே போவாங்க. அங்க வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு டீயக் குடிச்சுட்டு வருவாங்களாமா." "தனியாவா?" "தனியாத்தானுங்க." திருமூர்த்தி டம்ளரைப் பார்த்தார். "சக்கர போட்டா, போடாமயா?" "என்னதுங்க?" "டீ. சக்கர போட்டுக் குடிச்சாளா?" "அது எனக்கு எப்படிங்க மாமா தெரியும்." உள்ளே போன் அடித்தது. "லாரிக்காரனாத்தான் இருக்கும், வழி கேப்பான்" என்று அவன் போனான்.

சர்க்கரை போட்டுத்தான் குடித்திருப்பாள். வீட்டில் அவளுடைய சர்க்கரை வியாதிக்கு அவர் மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்தார், சர்க்கரை டப்பாவை மேல் தட்டில் வைத்தார், இனிப்பு எடுத்துவந்தவர்களை வாசலிலேயே திருப்பினார். இங்கே மலையடிவாரத்தில் அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீயைக் குடித்திருக்கிறாள். கால்மேல் கால் போட்டாளா. போட்டிருப்பாள், தனியாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள். வியாழக்கிழமை. பத்து பத்துக்குச் சிங்காநல்லூரில் பஸ், மூன்றரைக்குத் திரும்பி வீடு. அண்ணிக்கு உடம்பு சரியில்லைங்க, ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்தர்றேன் என்பாள். அண்ணி செத்துப் பதினாறு வருஷம். அதற்கப்புறம் அண்ணனுக்குச் சாப்பாடு யாரு போடறதுங்க என்றாள். சரிதானே, அதில் என்ன தப்பு. முப்பத்தாறு வருஷம் மில் கேட்டில் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு பேர் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று நிமிஷம் தவறாமல் குறித்தவர். எட்டு நாலுக்கு வந்தவனை எட்டு என்று எழுதமாட்டார், அதற்காகவே ஒருவன் அவரை மில் வாசலில் அடிக்க வந்தான். அவர் வீட்டுக் கதவு வழியாக ஒருத்தி போய்வந்திருக்கிறாள். அவளிடம் பெட்ரோல் வாசனை வந்திருக்கிறது. இப்போது வருகிறது அந்த வாசனை, இதே வாசனை, வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடிக்கும்போது வந்திருக்கிறது, பஸ்ஸில் வந்தவள் மேல் பஸ் வாசனை என்று விட்டுவிட்டார். கூடையில் எப்போதும் ஒரு பழைய தட்டைச் செருப்பு கிடக்கும். எதற்கு என்று கேட்டதில்லை. நெற்றியும் கன்னமும் கறுத்துப்போய் வருவாள், வெயில் என்பாள். கூரை மடக்கிய வண்டியில் வெயில் அடிக்காமல் என்ன செய்யும். எல்லாருக்கும் தெரியும். நந்துவுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், மலையடிவாரத்து டீக்கடைக்காரனுக்குத் தெரியும், வடவள்ளியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்திருப்பார்கள், அதோ போகுது பார் தள்ளு மாப்பிள்ளையோட சம்சாரம். மச்சான்மேல் கோபம் வந்தது. நல்லா இருக்குதே நாயம், என் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு எனக்கே தெரியாமல். செத்துப்போன மனுசன்மேல் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும். உக்காந்தாத்தான் தெரியும். தெரியட்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறார். வாயால் சொல்ல மனசு வரவில்லை, உட்கார்ந்தால் முட்டி இடிக்கும், முட்டி இடித்தால் கேட்பான், கேட்டால் சொல்லிவிடலாம் என்று மூன்று வருஷமாக அந்தப் பனியனை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேட்டியில் கறையாகிவிடும் என்றேன்.

சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன். போயேன் என்றிருப்பேன். இருப்பேனா. சாந்தாமணி ஒருமுறை கேட்டாள். சுகந்தி ஆறாவது படித்த வருஷம், அரிசி புடைத்துக்கொண்டே, "ஏனுங்க, நானொரு மொபெட் கத்துக்கட்டுங்களா, புள்ளயக் கொண்டுபோய் உட்டுட்டு வரலாம்" என்றாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், எதுக்கு, அதுதான் பஸ் இருக்குதே என்றார். முறத்தின் சத்தம் மட்டும் நின்று மறுபடி வந்தது. கத்துக்கட்டுங்களா என்றாள், வாரம் தவறாமல் காரே ஓட்டிக்கொண்டிருந்தவள். அன்றைக்குச் சரி என்றிருந்தால் மெதுவாக அதையும் சொல்லியிருப்பாள். அதற்காகத்தான் கேட்டாளோ. வாசலைத் தட்டிப் பார்த்திருக்கிறாள், உள்ளே ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்புறம் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி. கடைசி ஒன்பது நாள் பேச்சு இல்லை, கண் பாதி மூடி, ஆனால் இடது கால் மட்டும் போர்வைக்கு அடியில் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக அமுக்கும், கொஞ்சம் நிற்கும், மெதுவாக விடும். நரம்பு இழுக்குதுங்க என்றாள் நர்ஸ். அவர் அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தேய்த்தார், இழுக்காமல் இருக்கட்டும் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டபோது அந்தக் கால் அவர் கையை எதிர்த்து ஒருதரம் அமுக்கியது. நரம்பாகத்தான் இருக்கும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். திருமூர்த்தி இப்போது தன் இடது காலைக் கிளச் பெடல்மேல் வைக்க முயன்றார், இடம் போதாமல் பாதம் கோணலாகத்தான் போய் உட்கார்ந்தது, அமுக்கினார், மெதுவாக, கொஞ்சம் நிறுத்தி, விட்டார். நரம்பாகத்தான் இருக்கும்.

வாங்கிவிடலாம். ஏன் கூடாது. நிரந்தர வைப்பில் பணம் கிடப்பது கிடக்கிறது, யாருக்கு. நந்து விலை பேசமாட்டான், கொச்சிக்காரன் சொன்னதில் பாதியைக் கொடுத்தாலும் அதிகம் என்பான். சிங்காநல்லூர் வீட்டில் முன்பக்கம் செம்பருத்தியை வெட்டினால் வண்டி நிற்கும். சுகந்தி ஓசூரிலிருந்து கத்துவாள், அப்பா, கண்ணு ஆபரேசன் பண்ணி எட்டு மாசந்தான் ஆச்சு, உங்களுக்கு டூ சீட்டர் கேக்குதா என்பாள், பிறகு சிரிப்பாள், அம்மாவின் சிரிப்பு. அவளிடம் சொல்லலாமா, உங்கம்மா ஓட்டினாள் என்று. அவளுக்கும் தெரிந்திருந்தால். தெரிந்திருக்கும். கேட்கக்கூடாது. வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஓட்டத் தெரியாது, எழுபத்தோரு வயதில் லைசென்ஸ் தருவார்களா. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இந்த இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளாமல் அப்படியே வைத்தால், வியாழக்கிழமை வியாழக்கிழமை வெளியே நின்று கையை உள்ளே விட்டு ஸ்டார்ட் செய்யலாம், மச்சானைப்போல. பூசை அறை மாதிரி. திண்டுக்கு ஒரு பூ. அவளுக்குப் பிடிக்காது, அவள் அம்மா படத்துக்கே மாலை வாடியதும் அன்றைக்கே எடுத்துப் போட்டவள். அதைவிட, இது அவள் இடம். அந்த மலையடிவாரம், அந்த டீ, காற்று, கியர் மாற்றும் கை, இதிலெல்லாம் எங்கும் நான் இல்லை. நான் வரக்கூடாது என்று அவள் சொல்லவில்லை, நான்தான் ஏறமாட்டேன் என்று நின்றேன். அவள் அதையும் நம்பி, அதற்குள் தனக்கென்று ஒரு வியாழக்கிழமையை வைத்துக்கொண்டாள். அவள் இருந்தவரை உள்ளே வராதவன், இல்லாதபோது காசைக் கொடுத்து உள்ளே வருவதா. வந்து எந்த இருக்கையில் உட்காருவது. பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அது காலியாக, சவுகரியமாக, அவர் கால் நீளத்துக்குச் சரியாக இருந்தது. ஆடி மாதத்தில்கூட இருந்திருக்கிறது. அதற்கு முந்திய நாற்பது ஆடியிலும் இருந்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது, கோயில் வாசலில், மாலை முதுகுப் பக்கம் கிடக்க. கேலிச் சிரிப்பா அது. ஓட்டிட்டேன் பாத்தீங்களா என்கிற சிரிப்பு. வாங்க, வந்து உக்காருங்க என்கிற சிரிப்பு. நடந்து போய் உட்கார்ந்திருக்கலாம், கோயில் நூறு அடிதான்.

தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டது. நந்து வேகமாக வந்தான். "மாமா, வந்துட்டாங்க. என்ன சொல்றீங்க? சங்கடமே படாதீங்க, உங்களுக்குன்னா இப்பவே திருப்பிருவன்." திருமூர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தார், நந்து கை கொடுத்தான். "அவருக்கே குடுத்துரு கண்ணு." "நெசமாத்தான் சொல்றீங்களா? அப்பா உங்களுக்குத்தான்னு ரொம்ப நெனச்சாருங்க." "தெரியும். குடுத்துரு." பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கொச்சிக்காரர் நாற்பது வயதுக்குள்தான் இருப்பார், மச்சானைவிட உயரம், செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அது திருமூர்த்திக்குப் பிடித்திருந்தது. வண்டியைச் சுற்றி வந்தார், பாசிப்பச்சையை விரல் நுனியால் தொட்டார், குனிந்து உள்ளே பார்த்தார். "சீட் கொறச்சு பின்னோட்டு நீக்கணுமல்லோ" என்று சொல்லிக்கொண்டே, இருக்கையைப் பின்னால் தள்ள அடியில் கையை விட்டார். "இருங்க" என்றார் திருமூர்த்தி. சத்தம் கொஞ்சம் கூடிப்போனது, இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் நகத்தறன்."

அலமாரியில் மச்சானின் எண்ணெய்க் குப்பி இருந்தது. திண்டை எடுத்துத் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டார், அதை யாரும் கேட்கவில்லை. எண்ணெய் படிந்த தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்தார், வேட்டி கறுப்பாவது தெரிந்தது. இருக்கை நகரும் கம்பிகளின் பின்பக்கம் முழுக்கத் துரு ஏறியிருந்தது, அங்கே சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைத்தார். நந்து, "நான் இழுக்கட்டுங்களா மாமா" என்றான். "வேண்டாம் கண்ணு." இருக்கையை விடுவிக்கும் பிடியைத் தூக்கிக்கொண்டு, தோளை இருக்கையின் முன்விளிம்பில் கொடுத்து, ஒருமுறை தள்ளினார், அசையவில்லை. இன்னொருமுறை தள்ளினார். துருவில் உரசிக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கை பின்னால் போய், பக்கத்து இருக்கைக்குச் சமமாக நின்றது. இத்தனை நாள் இருக்கை மூடியிருந்து இப்போது முன்னால் வெளிப்பட்ட இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். நாலு விரல் நீளத்துக்கு அந்தக் கம்பியில் துரு இல்லை.